லாகின் முதல் தமிழ்த் தட்டச்சு வரை: யூனிக்ஸ் டெஸ்க்டாப் எழும் வரிசை

புதுச்சேரியில் கல்லூரி லேப்களுக்கும் சின்னச் சின்ன டிடிபி கடைகளுக்கும் யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர்களுக்கு ஒரு புகார் பழகிப்போயிருக்கும். டெஸ்க்டாப் அழகாக வந்துவிட்டது, இன்டர்நெட் ஓடுகிறது, பிரிண்டரும் சரி. தமிழ் மட்டும் லிப்ரேஆஃபீஸில் வருகிறது, பக்கத்திலேயே திறந்திருக்கும் இன்னொரு எடிட்டரில் வரவில்லை. ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஃபான்டை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்க்டாப் எழுந்த வரிசையில் ஒரு தகவல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலம் மட்டும் தட்டுபவர் இந்த வரிசையைப் பற்றித் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம். தமிழில் தட்டுபவரால் முடியாது. ஏன் என்று புரிய, டெஸ்க்டாப் எப்படி எழுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கவேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, யூனிக்ஸில் டெஸ்க்டாப் என்று ஒற்றைப் புரோகிராம் எதுவும் கிடையாது. அடியில் சிஸ்டத்தின் மையமான கெர்னலும் அதன் கிராஃபிக்ஸ் டிரைவரும். அதற்கு மேல் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கையில் வைத்திருக்கும் எக்ஸ் சர்வர். விண்டோக்களுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, மூடுவதற்கு விண்டோ மேனேஜர். கீழே இருக்கும் பட்டைக்கு ஒரு புரோகிராம், பின்னணிப் படத்துக்கு ஒன்று, இவற்றையெல்லாம் எழுப்பிவிட்டுக் கண்காணிக்க செஷன் மேனேஜர் என்று இன்னொன்று. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள டி-பஸ். எல்லாம் தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள், அதாவது புராசஸ்கள். ஒன்று செத்தால் மற்றவை பெரும்பாலும் உயிரோடு இருக்கும். விண்டோவின் தலைப்புப் பட்டை திடீரென்று காணாமல் போய், உள்ளே இருக்கும் புரோகிராம் மட்டும் வேலை செய்துகொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அங்கே போனது விண்டோ மேனேஜர் மட்டும்தான். எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பில் அதை ஒரே கமாண்டில் திரும்ப எழுப்பிவிடலாம், கம்ப்யூட்டரை ஆஃப் செய்யவேண்டியதில்லை.

இப்படித் துண்டு துண்டாக இருப்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. எக்ஸ் பிறந்தது 1984-இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில். ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எழுதினார்கள். அங்கே ஏதெனா என்ற திட்டத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் வொர்க்ஸ்டேஷன்கள் வளாகம் முழுக்க இருந்தன. எல்லாவற்றிலும் ஓடக்கூடிய, நெட்வொர்க் வழியாகவும் வேலை செய்யக்கூடிய விண்டோ முறை தேவைப்பட்டது. இன்றும் புழங்குகிற பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. திரை எப்படித் தோன்றவேண்டும் என்பதில் எக்ஸ் வேண்டுமென்றே தலையிடவில்லை. கோடு போடவும், எந்த விசை தட்டப்பட்டது என்று சொல்லவும் வழி செய்து கொடுத்தது. அழகு, ஒழுங்கு, வழக்கம் எல்லாம் மற்றவர்கள் பாடு என்று விட்டுவிட்டது. நல்ல முடிவா என்று கேட்டால், நாற்பது வருடம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம் என்பேன். அத்தனை குழப்பத்துக்கும் அதுவேதான் காரணம்.

எக்ஸில் சர்வர் என்பது நமக்கு முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர். திரையையும் கீபோர்டையும் சேவையாகத் தருவது அது. அந்தத் திரையில் வரைய வரும் புரோகிராம்கள் எல்லாம் கிளையன்ட். அவை வேறு ஊரில் இருக்கும் மெஷினில்கூட ஓடலாம். கடலூரில் உட்கார்ந்துகொண்டு, தொலைவிலிருந்து இன்னொரு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் காலாப்பட்டில் உள்ள லேப் மெஷினுக்குள் நுழைந்து, அங்கே ஓடும் கணக்கீட்டுப் புரோகிராமின் விண்டோவைத் தன் திரையில் வரவழைக்கலாம். எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்பதை டிஸ்பிளே என்ற சூழல் மாறி, அதாவது புரோகிராம் ஓடும்போது கூடவே வைத்திருக்கும் பெயரிட்ட மதிப்பு, சொல்கிறது. முதல் திரைக்கு அதன் மதிப்பு ஒரு முக்காற்புள்ளியும் சுழியமும். அது காலியாக இருந்தால், டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்று எர்ரர் காட்டிவிட்டுப் புரோகிராம் வெளியேறிவிடும். இந்தச் சூழல் மாறி என்ற சங்கதிதான் பிற்பாடு தமிழ் விஷயத்திலும் வரப்போகிறது.

டெஸ்க்டாப்பை எழுப்ப இரண்டு வாசல்கள் உண்டு. பழையது எழுத்து மட்டும் வரும் கன்சோலில் லாகின் செய்து, ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டுவது. ஸ்டார்ட்எக்ஸ் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அது எக்ஸ்இனிட் என்ற புரோகிராமைக் கூப்பிடும். எக்ஸ்இனிட் முதலில் எக்ஸ் சர்வரை எழுப்பும். அப்புறம் எதை ஓட்டவேண்டும் என்பதற்கு, ஹோம் டைரக்டரியில் .எக்ஸ்இனிட்ஆர்சி என்ற ஃபைல் இருக்கிறதா என்று ஸ்டார்ட்எக்ஸ் பார்த்துச் சொல்லும். இருந்தால் அது ஓடும். இல்லையென்றால் சிஸ்டத்துக்குப் பொதுவாக உள்ள ஃபைல் ஓடும். பழைய எக்ஸில் அந்தப் பொது ஃபைல் ஒரு கடிகாரத்தையும் சில டெர்மினல்களையும் காட்டும். முதல் தடவை ஸ்டார்ட்எக்ஸ் அடித்து இதைப் பார்த்தவர்கள் வேறு ஏதோ தப்பாக இன்ஸ்டால் ஆகிவிட்டதென்று நினைப்பார்கள். அப்படி இல்லை, எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, அவ்வளவே.

அந்த .எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலில் ஒரு விதி இருக்கிறது. அது ஓடி முடிந்ததும் எக்ஸ் சர்வரும் நின்றுவிடும். செஷனின் ஆயுள் அந்த ஸ்கிரிப்டின் ஆயுள்தான். அதனால் கடிகாரம், வால்பேப்பர், தமிழ் உள்ளீட்டுப் புரோகிராம் போன்றவற்றை & குறியோடு பின்னணியில் அனுப்பிவிட்டு, கடைசி வரியை மட்டும் முன்னணியில் நிறுத்தவேண்டும். வழக்கமாக அது எக்ஸெக் என்று தொடங்கி விண்டோ மேனேஜரின் அல்லது செஷன் மேனேஜரின் பெயரில் முடியும். கடைசி வரியையும் & போட்டுப் பின்னணிக்கு அனுப்பிவிட்டால், ஸ்கிரிப்ட் கண நேரத்தில் முடிந்துபோகும், திரை ஒரு மினுக்கு மினுக்கிவிட்டுக் கன்சோலுக்கே திரும்பிவிடும். டிரைவர் பிரச்சினை என்று இணையத்தில் தேடுபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருப்பது இந்த ஒரு எழுத்துப் பிரச்சினைதான். எக்ஸெக் வரிக்குக் கீழே எதை எழுதினாலும் அது ஓடவே ஓடாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது வாசல், கிராஃபிக்ஸ் லாகின் திரை. டிஸ்பிளே மேனேஜர் என்பார்கள். எக்ஸ்டிஎம் என்ற முதல் புரோகிராம் 1988-இல் எக்ஸோடு வந்தது. இப்போது ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. இந்த வாசலில் வந்தால் .எக்ஸ்இனிட்ஆர்சி-யை யாரும் படிப்பதில்லை. லாகின் திரையின் மூலையில் தெரியும் டெஸ்க்டாப் பட்டியல், சிஸ்டத்தின் ஷேர் டைரக்டரிக்குள் எக்ஸ்செஷன்ஸ் என்ற ஃபோல்டரில் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களிலிருந்து வருகிறது. எக்ஸுக்குப் பதிலாக வந்த புது முறையான வேலண்டுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. தேர்ந்தெடுத்த ஃபைலில் எந்தக் கமாண்ட் எழுதியிருக்கிறதோ அதுதான் ஓடும்.

முழு மெஷினும் எந்த வாசலில் எழவேண்டும் என்பதை மெஷின் எழும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ஒரே கமாண்டில் மாற்றலாம்: டிஃபால்ட் டார்கெட்டை கிராஃபிக்கல் என்றோ மல்டி-யூசர் என்றோ வைப்பது. சன் கம்பெனியின் யூனிக்ஸான சொலாரிஸில் இதே வேலைக்கு டிடிகான்ஃபிக் என்ற கமாண்ட் இருந்தது.

சொலாரிஸ் பேச்சு வந்ததால் சிடிஇ-யைச் சொல்லாமல் போகமுடியாது. 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு யூனிக்ஸ் கம்பெனியும் தனக்கென்று ஒரு டெஸ்க்டாப் வைத்திருந்தது. அந்தப் பக்கம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வளர்ந்துகொண்டிருந்தது. 1993-இல் ஹெச்பி, ஐபிஎம், சன் உள்ளிட்ட கம்பெனிகள் கூடி, எல்லா யூனிக்ஸிலும் ஒரே டெஸ்க்டாப் என்று அறிவித்ததுதான் காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட், சுருக்கமாக சிடிஇ. மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்பின் மேல், ஹெச்பி-யின் பழைய டெஸ்க்டாப்பின் சாயலில் கட்டினார்கள். கீழே அகலமான பலகை, நடுவில் நான்கு வொர்க்ஸ்பேஸ் பொத்தான்கள். 2012 ஆகஸ்டில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டதால் இன்றும் லினக்ஸிலும் பிஎஸ்டி வகை யூனிக்ஸிலும் போட்டுப் பார்க்கலாம். 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, முதலில் இந்த சிடிஇ பலகையின் நகலாகத்தான் ஆரம்பித்தது. அதே வருடம் அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பை அறிவித்தார். அது நின்ற க்யூட் நூலகத்தின் உரிமம் அப்போது கட்டற்றதாக இல்லை என்ற சச்சரவில் 1997-இல் க்னோம் என்ற டெஸ்க்டாப் பிறந்தது.

சிடிஇ-யில் இரண்டு விஷயங்களை இன்றும் பாடமாகச் சொல்லலாம். ஒன்று, அதன் லாகின் வழியாக வந்தால் கன்சோல் லாகினில் வழக்கமாகப் படிக்கப்படும் நம்முடைய .புரொஃபைல் ஃபைல் படிக்கப்படாது. பதிலாக .டிடிபுரொஃபைல் என்ற ஃபைலைத்தான் படிக்கும். அதன் கடைசியில் கமெண்டாக ஒரு வரி இருக்கும். அந்தக் கமெண்டை நீக்கி, டிடிசோர்ஸ்புரொஃபைல் என்ற மாறிக்கு உண்மை என்று மதிப்புக் கொடுத்தால்தான் பழைய .புரொஃபைலும் சேர்ந்து படிக்கப்படும். பாதை, மொழி, லைசென்ஸ் சர்வர் எல்லாவற்றையும் .புரொஃபைலில் எழுதிவைத்தவர்கள், டெல்நெட்டில் வந்தால் எல்லாம் வேலை செய்கிறதே, டெஸ்க்டாப்பில் ஏன் இல்லை என்று முழித்தது இதனால்தான். இரண்டாவது, லாகின் ஆனதும் டிடி மெசேஜிங் சிஸ்டத்தைத் தொடங்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வரும். பார்த்தால் டெஸ்க்டாப் கோளாறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் கோளாறு இருப்பது ஹோஸ்ட்ஸ் ஃபைலில். மெஷினின் பெயரை மாற்றியிருப்பார்கள், அந்தப் பெயருக்கு முகவரி எழுத மறந்திருப்பார்கள். சிடிஇ-யின் பாகங்கள் நெட்வொர்க் அழைப்பு முறையில் பேசிக்கொள்வதால், தன் பெயரையே தன்னால் கண்டுபிடிக்க முடியாத மெஷினில் அவை பேசமுடியாமல் நின்றுவிடும். அப்போது லாகின் திரையில் ஃபெயில்சேஃப் செஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒற்றை டெர்மினல் மட்டும் வரும். அதில் போய்ச் சரிசெய்யலாம்.

ஆக எந்த ஃபைலை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி புதிதல்ல. அந்த ஃபைலில் எழுதுவது எதற்காக என்பதற்கு இப்போது வருவோம்.

யூனிக்ஸில் ஒரு புராசஸ் இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது தன் சூழல் மாறிகளின் நகலைக் கொடுத்தனுப்புகிறது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீர் மாதிரி. போன பிறகு தாய் வீட்டில் என்ன புதிதாக வாங்கினாலும் அது அவள் வீட்டுக்குத் தானாக வந்து சேராது. அவள் வாங்குவதும் தாய் வீட்டுக்கு வராது. டெஸ்க்டாப் எழுந்தபின் ஒரு டெர்மினலைத் திறந்து எக்ஸ்போர்ட் கமாண்டில் எதைச் சொன்னாலும், அந்த டெர்மினலுக்கும் அதிலிருந்து தொடங்கும் புரோகிராம்களுக்கும் மட்டும்தான் அது தெரியும். மெனுவிலிருந்து திறக்கும் புரோகிராமின் தாய் வேறு. .பாஷ்ஆர்சி-யில் எழுதினாலும் இதே கதிதான், ஏனென்றால் அதைப் படிப்பது டெர்மினலுக்குள் நம் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல், டெஸ்க்டாப் அல்ல.

தமிழ் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எக்ஸ் சர்வரிடம் கீபோர்டு அட்டவணை ஒன்று உண்டு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அதில் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு கீபோர்டு அமைப்புகள் வரை அதில் ஏற்றி, விசையால் மாற்றிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்கு இது ஏறக்குறைய போதும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்குத் தேவை கொஞ்சநஞ்சமல்ல. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய கடிதம், விண்ணப்பம், மொழிபெயர்ப்பு என்று தட்டச்சு வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரெஞ்சு கீபோர்டில் மேல் வரிசையிலேயே குறியுள்ள எழுத்துகள் நேரடியாக இருப்பதால், அட்டவணையை மாற்றினால் வேலை முடிந்தது.

தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பு அப்படியல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பில், ஒரு விசை என்ன தரும் என்பது அதற்கு முன் எதைத் தட்டினோம் என்பதைப் பொறுத்தது. ககரத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஙகரத்துக்கு அடுத்துக் ககரம் வந்தால் அங்கேயும் விழும். உயிரெழுத்து விசை சொல்லின் முதலில் உயிராகவும், மெய்க்குப் பின்னால் உயிர்மெய்யாகவும் மாறும். வேகமாகத் தட்டுபவர்களுக்குத் தமிழ்99 பிடிப்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் எக்ஸின் அட்டவணைக்கு முந்தைய விசை நினைவில் நிற்காது. அதனால் தமிழ்99 அங்கே பெயரளவில் இருந்தாலும் அதன் சாமர்த்தியம் முழுக்க வராது. அந்த நினைவாற்றலுக்கு ஐபஸ் அல்லது ஃபிசிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டுப் புரோகிராம் ஒன்று பின்னணியில் ஓடவேண்டும். தமிழ் விதிகளை எம்17என் என்ற நூலகம் அதற்குக் கொடுக்கும்.

அந்தப் புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது. தட்டும் விசைகளை அதனிடம் கொடுத்து வாங்கவேண்டும் என்று ஒவ்வொரு செயலிக்கும் தெரியவேண்டும். எக்ஸ் செஷனில் இதைச் சொல்வது மூன்று சூழல் மாறிகள். விண்டோ, பொத்தான் எல்லாம் வரைய ஜிடிகே நூலகத்தைப் பயன்படுத்தும் செயலிகளுக்கு ஒன்று, க்யூட் நூலகத்தைப் பயன்படுத்துபவற்றுக்கு ஒன்று, பழைய எக்ஸ் செயலிகளுக்கு எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்று ஒன்று. ஜிடிகே-வுக்கானது மட்டும் போய்ச் சேர்ந்து, க்யூட்டுக்கானது சேரவில்லை என்றால் ஒரு எடிட்டரில் தமிழ் வரும், பக்கத்தில் இருப்பதில் வராது. முதலில் சொன்ன புகாரின் காரணம் இதுதான்.

மூன்று மாறிகளையும் செஷன் மேனேஜர் பிறப்பதற்கு முன்னால் அமைக்கவேண்டும். ஸ்டார்ட்எக்ஸ் வழியாக வருபவர் .எக்ஸ்இனிட்ஆர்சி-யில், எக்ஸெக் வரிக்கு மேலே எழுதலாம். லாகின் திரை வழியாக வருபவருக்கு .எக்ஸ்புரொஃபைல் பொருத்தமான இடம், ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் மூன்றுமே அதைப் படிக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் .எக்ஸ்செஷன்ஆர்சி என்று இன்னொரு ஃபைலும் உண்டு. அங்கே ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவியை ஓட்டிவிட்டால் அதுவே மூன்றையும் எழுதிவிடும். எழுதியபின் லாக்அவுட் செய்து திரும்ப லாகின் ஆகவேண்டும். பலர் இதைச் செய்யாமல் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

சரி, திரையே வரவில்லை என்றால்? எதுவரை வந்து நின்றது என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு நகர்ந்தால் எக்ஸ் சர்வரும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கு மேலே உள்ளவைதான் எழவில்லை. ஹோம் டைரக்டரியில் .எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ் ஃபைலையோ சிஸ்டம்டி-யின் பதிவேடான ஜர்னலையோ பார்க்கவேண்டும். அம்பே இல்லை என்றால் எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கின் லாகில் (EE) என்று ஆங்கில எழுத்து இரட்டையாகப் போட்ட வரிகளைத் தேடவேண்டும். ஃப்ரீபிஎஸ்டி-யில் இது அடிக்கடி வரும். அங்கே கிராஃபிக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவி, பூட்டில் ஏற்றச் சொல்லி, யூசரை வீடியோ குரூப்பில் சேர்க்கவேண்டும். டி-பஸ்ஸையும் நாமேதான் இயக்கிவிடவேண்டும்.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்பத் தள்ளுவதுதான் ஆட்களை அதிகம் பயமுறுத்துகிறது. கண்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்3 அழுத்தி எழுத்துக் கன்சோலுக்குப் போகலாம், அங்கே அதே பாஸ்வேர்டு வேலை செய்யும். அதிலேயே பாஸ்வேர்டு பிரச்சினை இல்லை என்று தெரிந்துவிடுகிறது. பிறகு பார்க்கவேண்டியவை மூன்று. டிஸ்க் நிரம்பிவிட்டதா? .எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பெயரில் இருக்கிறதா? .புரொஃபைலில் அல்லது .எக்ஸ்புரொஃபைலில் ஏதாவது வரி ஸ்கிரிப்டையே வெளியேற்றிவிடுகிறதா? நடுவில் இருப்பது சுவாரசியமானது. எக்ஸ் சர்வரோடு பேச வருபவர் உரியவர்தானா என்று சோதிக்க ஒரு ரகசிய எண் அந்த ஃபைலில் இருக்கும். யாரோ ஒரு தடவை ரூட் அதிகாரம் தரும் சூடோ கமாண்டைப் போட்டு ஸ்டார்ட்எக்ஸ் அடித்திருப்பார்கள், ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அடுத்து வரும் சாதாரண யூசரால் அதில் எழுதமுடியாது, செஷன் பிறந்த உடனே சாகும். உரிமையை மாற்றினால் அல்லது ஃபைலை அழித்தால் தீர்ந்தது.

இந்தக் கரையோரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு, கரண்ட். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவுக்கு வேண்டாம், யுபிஎஸ் பாட்டரி தேய்ந்த மெஷினுக்கு ஒரு நொடி மின்தடையே போதும். எழுதிக்கொண்டிருந்த அமைப்பு ஃபைல் பாதியில் நிற்கலாம், சில சமயம் வெறுமையாகவே மிஞ்சும். எக்ஸ்எஃப்சிஇ-யில் கேஷ் டைரக்டரிக்குள் செஷன்ஸ் என்ற ஃபோல்டரில் கடந்த செஷனின் நினைவு இருக்கும். அது கெட்டுப்போனால் பலகையோ விண்டோ மேனேஜரோ இல்லாமல் டெஸ்க்டாப் எழும். அந்த ஃபோல்டரைக் காலிசெய்தால் போதும். புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அதில் லாகின் செய்து பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. அங்கே சரியாக வந்தால், கோளாறு பழைய யூசரின் ஹோமுக்குள்தான்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எக்ஸைப் பற்றியது. வேலண்டில் வரிசை மாறுகிறது. 2008-இல் கிறிஸ்டியன் ஹொக்ஸ்பெர்க் தொடங்கிய அந்த முறையில் சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே புரோகிராம். நடுவில் தனியாகச் செத்துப்போக எதுவும் இல்லை, ஆனால் அது விழுந்தால் பெரும்பாலும் திறந்திருந்த எல்லாமே விழும். 2016-இல் ஃபெடோரா லினக்ஸின் 25-ஆம் பதிப்பு க்னோமுக்கு அதை இயல்பாக்கியது, 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ பிளாஸ்மா 6-உம் அப்படியே. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் பத்தாம் பதிப்பில் எக்ஸ்.ஆர்க் சர்வரே கிடையாது. வேலண்டில் .எக்ஸ்இனிட்ஆர்சி செல்லாக்காசு. க்னோமில் ஐபஸ் டெஸ்க்டாப்புக்குள்ளேயே இணைந்திருப்பதால் செட்டிங்ஸில் தமிழ்99-ஐச் சேர்த்தாலே போதும். பிளாஸ்மாவில் விர்ச்சுவல் கீபோர்டு பகுதிக்குப் போய் ஐபஸையோ ஃபிசிடிஎக்ஸையோ தேர்ந்தெடுக்கவேண்டும். எக்ஸ் காலத்து மாறிகளை அங்கேயும் எழுதிவைத்தால் சில செயலிகளில் சிக்கல்தான் கூடும்.

நான்கு ஜிபி மெமரி உள்ள பழைய லேப் மெஷின்களுக்கு நான் இன்னும் எக்ஸ்.ஆர்க் மேல் எக்ஸ்எஃப்சிஇ-யைத்தான் சொல்வேன். 2024 டிசம்பரில் வந்த அதன் 4.20 பதிப்பில் வேலண்ட் சோதனை நிலையில்தான் இருக்கிறது. தமிழ் தட்டவேண்டிய லேப்பில் லைட்டிஎம், .எக்ஸ்புரொஃபைலில் மூன்று வரி, ஐபஸில் தமிழ்99. இவற்றை ஒரு மெஷினில் சரிபார்த்துவிட்டு, புது யூசர்களுக்கான ஃபைல்கள் நகலெடுக்கப்படும் ஸ்கெல் டைரக்டரியில் அந்த .எக்ஸ்புரொஃபைலைப் போட்டுவிட்டால், அடுத்த வருடம் சேரும் மாணவர்களின் கணக்குகளிலும் முதல் லாகினிலேயே தமிழ் வரும்.